பால் சுரந்த பிரஸ் மெஷின்

விஷயம் தெரியுமா? இரும்பு பால் கொடுக்கிறதாம்!

மாடு கொடுக்கும், ஆடு கொடுக்கும், சரி. அலுமினியத் தகட்டை அழுத்திப் பாத்திரமாக்கும் பட்டறையில் நிற்கிற பிரஸ் மெஷின் எப்படிக் கொடுக்கும் என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தால் வரிசையில் இடம் போய்விடுமே! பட்டறை வாசலில் தொடங்கிய வரிசை சைக்கிள் கடையைத் தாண்டி, சலவைக் கடையைத் தாண்டி, மருந்துக் கடை வரை நீண்டிருந்தது. மருந்துக் கடைக்காரரே கடையைச் சாத்திவிட்டு அந்த வரிசையில் நின்றார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெஷினின் அடியில் எண்ணெய்த் தொட்டி இருக்கிறது. பிரஸ்ஸைத் தூக்குவதும் இறக்குவதும் அந்த எண்ணெய்தான். எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத் தொட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கண்ணாடி. தேன் நிறத்தில் தெரிய வேண்டிய எண்ணெய் ஒருநாள் அந்தக் கண்ணாடியில் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. பட்டறை முதலாளி பதறிப்போய் டீக்கடையில் புலம்பினார். பக்கத்து பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தாடியைத் தடவினார். பளபளவென்று ஒரு வேனும் வைத்திருந்தார். பிற்பாடு ஊரார் அவருக்கு வைத்த பெயர் பாலடிகள்.

"பயப்படாதீங்க. இரும்பு தாயாயிடுச்சு. மெஷினோட மூட்டெல்லாம் எதனால வழுவழுன்னு ஓடுது? இதனாலதானே? மனுஷ மூட்டுக்கும் இதுதான் மருந்து!"

அவ்வளவுதான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஊரே கிளம்பிவிட்டது. குட்டிப் புட்டியில் பால், பதிலுக்குக் காணிக்கை. தேய்த்தால் வலி போகும். போகாவிட்டால் நம்பிக்கை போதவில்லை என்று அர்த்தம். இன்னொரு புட்டி வாங்க வேண்டும். இப்படி ஒரு வியாபாரம் கிடைத்தால் நீங்களும் நானும்கூடத் தாடி வளர்த்திருப்போம்.

பட்டறை ஸ்டோரைக் கவனிப்பது முதலாளியின் மனைவி. அவளுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. எண்ணெய் சூடேறாமல் இருக்கக் கூலர் என்று ஒன்று உண்டு. அதற்குள் குழாயில் தண்ணீர் ஓடும். அந்தத் தண்ணீர்த் தொட்டியை நிரப்புவது அவள் பொறுப்பு. முன்பு எப்போதாவது ஊற்றினால் போதும். இப்போது தினமும் குடம் குடமாகக் குடிக்கிறது. அங்கே தண்ணீர் குறையக் குறைய, இங்கே கண்ணாடியில் பால் ஏறுகிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க ஞானக்கண் வேண்டுமா என்ன?

"ஏங்க, கூலர் குழாய்ல ஓட்டை விழுந்திருக்கும்ங்க. மாத்துங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! எண்ணெயை வடிகட்டுற புது ஃபில்டர்கூட அலமாரியில பிரிக்காமலே கிடக்கு."

"வாயை மூடு. தெய்வக் குத்தமாயிடும்."

முதலாளியையும் குறை சொல்லக் கூடாது. நேற்று வரை பெண்டாட்டியிடம் சோம்பேறி என்று திட்டு வாங்கியவரை இன்று ஊரே புண்ணியவான் என்று கும்பிடுகிறது. எந்தப் பட்டத்தை எடுத்துக்கொள்வார், சொல்லுங்கள்? எண்ணெயைத் தள்ளும் பம்ப் 'உய்ங்ங்' என்று முனகியபோதுகூட, "தாலாட்டுப் பாடுது" என்றார் பாலடிகள். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பாலடிகளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. காலையில் எழுந்ததும் முதலில் மெஷினைக் கும்பிட மாட்டார். வேனின் பானட்டைத் திறந்து, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். முதலாளியம்மா இதை ஸ்டோர் ஜன்னல் வழியாகப் பார்த்து வைத்திருந்தாள்.

தேய்க்கிறவர்கள் தேய்த்துத் தொலையட்டும், பாழாவது வேட்டி சேலைதானே என்றுதான் அவளும் விட்டிருந்தாள். ஆனால் ஒருநாள் பாலடிகள் அறிவித்தார்: "இத்தனை நாள் வெளிப்பூச்சு. இன்னிக்கு உள்ளுக்கு!"

முதல் டம்ளரோடு முன்னால் நின்றது யார் தெரியுமா? அவளுடைய சொந்த அக்கா. தங்கையை இடுப்பிலேயே சுமந்து வளர்த்தவள்.

"அக்கா, வேணாம்க்கா. அது தண்ணி கலந்த மெஷின் ஆயில். குடிச்சா குடல் வெந்துடும்."

"உனக்கென்னடி, துள்ளித் துள்ளி மாடி ஏறுறே. நான் ஒவ்வொரு படியா உட்கார்ந்து இறங்குறேன். ஏதாவது ஒண்ணு கேக்காதான்னுதான் வந்திருக்கேன்."

தங்கை விடுவிடுவென்று வீட்டுக்குள் போய் அடுப்பையும் ஓர் இரும்புத் தட்டையும் தூக்கிவந்தாள். தட்டைச் சூடாக்கி, புது மெஷின் ஆயில் டின்னைத் திறந்து ஒரு சொட்டு விட்டாள். அது சாதுவாகப் பரவியது. பிறகு 'பாலில்' ஒரு சொட்டு. படபடவென்று பொரிந்து நாலாபக்கமும் தெறித்தது.

"பாருங்க! அடுப்படியில நிக்கிற யாருக்கும் தெரியும். தண்ணி இருந்தாத்தான் எண்ணெய் இப்படி வெடிக்கும்."

கூட்டம் பாலடிகளைப் பார்த்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். "பேசுது... தாய் பேசுது..."

"ஆகா!" என்று அத்தனை கைகளும் குவிந்தன. பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: "என்ன சொல்லுது சாமி?"

"சீக்கிரம் குடிக்கச் சொல்லுது!"

அக்கா டம்ளரை உயர்த்தினாள். முதலாளியம்மா ஒரு கணம் விழித்தாள். பிறகு சட்டென்று ஒரு ஜாடியை நிரப்பிக்கொண்டு, பாலடிகள் முன்னால் பவ்வியமாக நின்றாள்.

"என் புத்திக்கு எட்டலைங்க, மன்னிச்சுக்கங்க. அக்கா, கொஞ்சம் பொறு. உள்ளுக்குன்னா முதல் மரியாதை சாமியைச் சுமந்துகிட்டு வந்த வேனுக்குத்தானே? அதுவும் ஆயில்ல ஓடுற ஜீவன்தானே!"

கூட்டத்துக்குப் புல்லரித்துவிட்டது. பக்திக்கு வேகம் அதிகம். பாலடிகள் வாயைத் திறப்பதற்குள் ஜாடி கைமாறிக் கைமாறி வாசலுக்குப் போய்விட்டது. மருந்துக் கடைக்காரர் பானட்டைத் தூக்கினார். சைக்கிள் கடைக்காரர் எஞ்சின் மூடியைத் திருகினார். ஜாடி சாயப் போனது.

"ஊத்தாதே! டேய், ஊத்தாதேடா!" பாலடிகள் தாடி பறக்க ஓடிவந்தார். "தண்ணி கலந்த ஆயில்டா அது! எஞ்சின் நாசமாயிடும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. அக்கா நொண்டி நொண்டி அவர் எதிரில் வந்து நின்றாள். டம்ளர் இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

"ஏன்யா, உன் வேனுக்கு ஆகாதது என் வயித்துக்கு ஆகுமா?"

பாலடிகள் பானட்டைக்கூடச் சரியாக மூடாமல் வேனைக் கிளப்பினார். எஞ்சின் கோளாறில்லாமல் ஓடியது; எண்ணெய் சுத்தமாயிற்றே!

முதலாளி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கூலரைக் கழற்றினார். குழாயில் ஓட்டை. பாலைச் சுரந்த மடி அதுதான். குழாயை மாற்றி, புது எண்ணெய் ஊற்றி, அலமாரியிலிருந்த ஃபில்டரைப் பிரித்து மாட்டியதும் தாலாட்டு நின்றது. அக்கா தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போனாள். வழியெல்லாம் தங்கையைத் திட்டிக்கொண்டே போனாள். முன்னாடியே டம்ளரைத் தட்டிவிட்டிருக்கக் கூடாதா என்று.

போகட்டும். தன் வேனுக்குள் போகிற எண்ணெயை அந்த மனிதர் தினமும் துடைத்துப் பார்த்தாரே, உங்கள் வயிற்றுக்குள் போவதை நீங்கள் ஒருநாளாவது பார்த்தீர்களா? மெஷினுக்கு ஒரு ஃபில்டர் இருப்பதுபோல உங்களுக்கும் ஒன்று இருக்கிறது ஐயா, இரண்டு காதுக்கும் நடுவில். அதை எப்போது பிரிக்கப் போகிறீர்கள்?