சென்ட்ரலுக்குப் பூந்தமல்லி வழி

வழி சொல்வது ஒரு வியாதி. கேட்டால் சொல்கிறவனுக்கு லேசான காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளலாம். கேட்காமலே சொல்கிறவன் முற்றிய கேஸ். யுத்த காலத்தில், எனக்குப் பத்தொன்பது வயது நடந்தபோது, நான் இரண்டாவது ரகம்.

எங்கள் வீடு ஆவடியை ஒட்டிய சேக்காட்டில் இருந்தது. ஸ்டேஷன் நடக்கிற தூரம். பட்டணத்தில் ஒரு அச்சாபீஸில் வேலை என்பதால் தினமும் ரயிலில் போய் வருவேன். அது போதாதா? திருவேற்காட்டுக்கோ திருமுல்லைவாயலுக்கோ யாராவது கட்டுச்சோற்று மூட்டையோடு கிளம்பினால், "அந்த வழி வேணாம், நான் சொல்றதைக் கேளு" என்று தெருமுனையிலேயே மறித்துவிடுவேன். நெமிலிச்சேரிக்குப் பெண் பார்க்கப் போனவர்களை ஏரிக்கரைக் குறுக்கு வழியில் அனுப்பினேன். அவர்கள் முழங்கால் வரைக்கும் சேற்றோடு சபையில் போய் உட்கார்ந்தார்கள். (பெண் வீட்டார் சம்மதித்துவிட்டார்கள். அதற்கும் நான்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.)

அக்கா கன்னியம்மாவின் புருஷன், எங்கள் மாமா, பட்டாளத்தில் சேர்ந்து பெங்களூரில் இருந்தார். அவர் போனபோது அக்காவுக்கு மூன்று மாதம். குழந்தை பிறந்து எட்டு மாதமாகியும் அவர் அதன் முகத்தைப் பார்க்கவில்லை, லீவே கிடைக்கவில்லை. எங்கே எப்போது போகிறோம் என்று கடிதத்தில் எழுதினால் மை பூசி அழித்துவிடுவார்கள். அதனால் ஊருக்கு வந்த ஒரு சிநேகிதரிடம் வாய்ச்செய்தி சொல்லியனுப்பினார். திங்கட்கிழமை காலை சென்ட்ரலில் வண்டி மாறுகிறோம், பன்னிரண்டு மணிக்கு வடக்கே கிளம்புகிறோம், கன்னியைக் குழந்தையோடு வரச் சொல்.

வடக்கே என்றால் பர்மா பக்கம், சண்டை நடக்கிற இடம். அது எல்லாருக்கும் தெரியும்.

அம்மாவுக்கு ஒரு கவலை வந்தது. திங்கட்கிழமை கிழக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் கூடாது. பட்டணம் எங்களுக்குக் கிழக்கே. அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பரிகாரத்துக்கு ஒரு வாய் தயிர் சாப்பிட்டுவிட்டுக் காலை ரயிலில் ஏறிக்கொள்கிறேன் என்றாள். அம்மாவும் சரியென்று தயிருக்கு உறை ஊற்றப் போனாள். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். நான் அங்கே இல்லாமல் இருந்திருந்தால்.

மிலிட்டரி ஸ்பெஷல் வருகிற நாளில் நம்முடைய பாசஞ்சரை ஓரம்கட்டிவிடுவான், போன வாரம் அம்பத்தூரில் இரண்டு மணி நேரம் கொட்டாவி விட்டுக்கொண்டு கிடந்தேன் என்றேன். மாட்டுவண்டியில் தெற்கே பூந்தமல்லிக்குப் போய் அங்கே பஸ் ஏறினால், புறப்படும் திசையே மாறிவிடும். சூலமும் ஏமாந்து போகும், ரயில்காரனும் ஏமாந்து போவான். (எனக்குச் சூலத்தில் நம்பிக்கை கிடையாது. வாதத்தில் ஜெயிக்க உதவினால் எதையும் நம்புவேன்.)

அக்கா குழந்தையின் வெள்ளைச் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்: "நீ தெனம் போய் வர்றவன். ஒனக்குத் தெரியாததாடா? சரி, அப்பிடியே போலாம்."



விடிந்தும் விடியாமலும் வண்டி கட்டினோம். பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லி போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. பெட்ரோல் தட்டுப்பாட்டில் எல்லாம் கரி பஸ்தான் ஓடியது. பின்னால் ஆள் உயர உருளை, அதற்குள் அடுப்புக்கரி, பக்கத்தில் நின்று ஒருவர் விசிறியைச் சுற்றி நெருப்பை ஊத வேண்டும். பஸ் ஓட்டுகிற பாய் அக்காவையும் குழந்தையையும் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவசரமா போவணும்னா இது வேணாம் தம்பி. இதும் அடுப்புதான். அதுக்கா தோணுனாத்தான் எரியும்" என்றார். எனக்கே வழி சொல்கிறாரா! எனக்கு எல்லாம் தெரியும், நீங்கள் ஓட்டுங்கள் என்றேன்.

மதுரவாயல் தாண்டி ஒரு மேட்டில் அடுப்புக்குத் தோணவில்லை. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். கொஞ்சம் ஓடியது, நின்றது, தள்ளினோம். கரிப்புகையில் என் முகம் தோசைக்கல்லாகிவிட்டது. சாலையோரம் நின்ற அக்கா, குழந்தையின் சட்டையில் விழுந்த கரித்துகளை முந்தானையால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். "மணி இன்னாடா?" என்று நாலைந்து தரம் கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்திருக்கலாம்.

அமைந்தகரை வரை நடந்து, ஜட்கா வண்டி பிடித்து, சென்ட்ரலில் நுழைந்தபோது பன்னிரண்டே முக்கால். பிளாட்பாரம் காலியாகக் கிடந்தது. வண்டியைப் பற்றிக் கேட்டதற்கு அங்கே இருந்த ஒருவர் என் மூஞ்சியைப் பார்த்து, எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன் என்று நினைத்து, எஞ்சின் ஷெட்டுக்குப் போகிற வழியைக் காட்டினார். மிலிட்டரி வண்டி நேரத்துக்குப் போய்விட்டதாம். எங்கள் ஊர் பாசஞ்சரும் அன்றைக்கு நேரத்துக்கு வந்து சேர்ந்ததாம்.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

சாயங்கால ரயிலில் ஆவடியில் இறங்கினால், அம்மா ஸ்டேஷனிலேயே உட்கார்ந்திருந்தாள். எங்களைக் கண்டதும் பெரிதாக அழ ஆரம்பித்தாள். மாமா வந்த ஸ்பெஷல், சாமான் இறக்குவதற்காகக் காலையில் ஆவடியிலேயே அரை மணிக்கு மேல் நின்றிருக்கிறது. பிளாட்பாரத்தை விட்டு வெளியே போக உத்தரவில்லை. தெரிந்த போர்ட்டர் வீட்டுக்கு ஓடிவந்து சொல்ல, அம்மா கைக்குக் கிடைத்த தயிர்ச்சட்டியோடு ஓடியிருக்கிறாள். அக்காவின் பரிகாரத்துக்கென்று உறை ஊற்றிய தயிரை மாமா நின்றபடியே குடித்திருக்கிறார். உங்களைப் பார்க்கத்தான் பூந்தமல்லி வழியாகப் போயிருக்கிறார்கள் என்று அம்மா சொன்னதும், புருவத்தைச் சொறிந்துகொண்டு சிரித்தாராம்.

"சென்ட்ரலுக்குப் போறதுக்குப் பூந்தமல்லி இன்னாத்துக்கு, அத்தே?"

அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

ரயிலில் போயிருந்தால் அக்கா அவரைச் சென்ட்ரலில் பார்த்திருப்பாள். வீட்டிலேயே இருந்திருந்தால் ஆவடியில் பார்த்திருப்பாள். பார்க்காமல் இருப்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதை நான் கண்டுபிடித்தேன்.

அந்த மழைக்காலம் முடிந்ததும் தந்தி வந்தது. மாமா திரும்பவில்லை.

அதற்கப்புறம் நான் யாருக்கும் வழி சொல்லவில்லை. பட்டாபிராம் எந்தப் பக்கம் என்று கேட்டால்கூட நாக்கு குழறும். அக்காவும் அந்த வருஷம் முழுக்க அளந்துதான் பேசினாள். ஒருநாள் குடத்தோடு கிணற்றுக்குக் கிளம்பினாள். முன்பக்கம் ஒரே சேறு, கொல்லைப்புறமாகச் சுற்றிப் போயேன் என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். பழைய வியாதி. சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா திரும்பி என்னை உற்றுப் பார்த்தாள். புருவத்தைச் சொறிந்தாள்.

"கெணத்துக்குப் போறதுக்குப் பூந்தமல்லி இன்னாத்துக்குடா?"

அம்மா சிரித்தாள், பிறகு அழுதாள். அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நான் எழுந்து கொல்லைப்புறம் போய் அழுதேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் எதைச் சுற்றி வளைத்துச் செய்தாலும் பூந்தமல்லிதான். அதிகமாகச் சொல்கிறவள் சரோஜா, அன்றைக்கு வெள்ளைச் சட்டையில் கரி படிந்து உட்கார்ந்திருந்த குழந்தை. இப்போது வெள்ளானூரில் மூன்று பிள்ளைகளோடு குடித்தனம் செய்கிறாள். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, என்னை இத்தனை வருஷம் படுத்தினது போதாதா, அதை விட்டுவிடேன் சரோஜா என்று கேட்டேன்.

"எங்கப்பா பேசுனதுன்னு எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான் மாமா" என்றாள். "சொல்லிக்கிறேனே."

சொல்லிக்கொள் என்றேன்.