நல்லவன் கதாநாயகன் ஆக மாட்டான்

புத்தகம் படிக்கிறவர்களில் பல வகை உண்டு. தூக்கம் வருவதற்காகப் படிக்கிறவர்கள், படித்ததாகச் சொல்லிக்கொள்வதற்காகப் படிக்கிறவர்கள், வாங்கி அடுக்கிவைத்து அலமாரிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறவர்கள். இவர்களால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. நாம் இங்கே பார்க்கப்போவது காதல் நாவல் வாசகி என்னும் இனம். அதிலும் சும்மா படிக்கிறவள் அல்ல, படித்துக் கரை கண்டவள். முதல் அத்தியாயத்தில் நாயகி யார் சட்டையில் காபியைக் கொட்டுகிறாளோ அவனைத்தான் கடைசி அத்தியாயத்தில் கட்டிக்கொள்வாள் என்று பத்தாவது வரியிலேயே சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் மிச்சமிருக்கும் நாற்பத்தாறு அத்தியாயங்களையும் ஒரு வரி விடாமல் படிப்பவள்.

முடிவு தெரிந்த கதையை எதற்குப் படிக்கிறாய் என்று மட்டும் அவளிடம் கேட்டுவிடாதீர்கள். "சாப்பிட்டா பசி அடங்கும்னு தெரியும். அதுக்காகச் சாப்பிடாம இருக்கீங்களா?" என்பாள். நியாயம்தானே?

உதாரணத்துக்கு ஒருத்தியைச் சொல்கிறேன். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவள். அங்கே அவளுக்கு அத்தியாயக்கா என்று பெயர். யார் என்ன சொன்னாலும் "இரு, இந்த அத்தியாயம் முடியட்டும்" என்பதால் வந்த பெயர். நோயாளிகளின் பதிவேட்டைத் திறந்து அதற்குள் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, பேனாவையும் கையில் பிடித்துக்கொண்டு அவள் படிக்கிற நேர்த்தியைப் பார்த்து, இப்படி ஒரு உழைப்பாளியா என்று டாக்டரே ஒருமுறை சம்பளத்தை உயர்த்தியிருக்கிறார்.

தாடை இறுகி, கண் சிவந்து, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே நுழைந்து நாற்காலியில் பொத்தென்று விழுகிற ஆணைப் பார்த்தால் உங்களுக்கும் எனக்கும் கடைவாய்ப் பல் என்று தோன்றும். அத்தியாயக்காவுக்கு முன்னாள் காதலி என்று தோன்றும். நாவல்களில் நாயகனுக்குக் கோபம் வந்தாலும் தாடை இறுகும், காதல் வந்தாலும் தாடை இறுகும், நாயகி வேறொருவனோடு பேசினால் தாடை இறுகுவதோடு கையில் இருக்கிற கண்ணாடித் தம்ளரும் உடையும். இவ்வளவு இறுக்கினால் பல் என்னத்துக்கு ஆகும் என்று, அந்த ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் வேலை பார்த்தும் அவள் யோசித்ததில்லை.

அவளிடம் சட்டங்கள் உண்டு. சண்டை போட்டுக்கொள்கிற இருவர் காதலிப்பார்கள். ஒரு வருஷ ஒப்பந்தம் போட்டுப் பொய்க்குக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் பதினொன்றாவது மாதம் மெய்யாகவே காதலிப்பார்கள். வெளியூர் போனால் ஓட்டலில் ஒரே ஒரு அறைதான் காலியாக இருக்கும், அந்த அறையில் ஒரே ஒரு கட்டில்தான் இருக்கும். அந்த நாவல்களில் வருகிற எந்த ஓட்டல்காரருக்கும் இரண்டாவது கட்டில் வாங்கிப் போடத் தோன்றியதே இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய சட்டம் இரண்டாவது நாயகனைப் பற்றியது. கதையில் ஒரு நல்லவன் வருவான். சொன்ன நேரத்துக்கு வருவான், குடை கொண்டுவருவான், நாயகி பேசும்போது குறுக்கே பேச மாட்டான், அவள் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிக்கூட விசாரிப்பான். அவனுக்கு நாயகி கிடைக்கவே மாட்டாள். இருநூறாவது பக்கத்தில் "நீ சந்தோஷமா இருந்தா அது போதும்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிப்போவதற்காகவே பிறந்தவன் அவன். நாயகன் வேறு ஆள்: முசுடு, முன்கோபி, போ என்றால் போக மாட்டான்.

அத்தியாயக்காவுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகிறது. கணவர் கணக்கு வாத்தியார். ஒருநாள் அவரைச் சோதித்துப் பார்த்தாள்.

"என்னை வேற யாராவது உத்து உத்துப் பார்த்தா உங்களுக்குக் கோவமே வராதா?"

"எங்க, ஆஸ்பத்திரியிலயா?"

"ஆமா."

"பார்த்துத்தானே ஆகணும். டோக்கன் நீதானே குடுக்கற."

அன்றோடு அவரை நாயகனாக்கும் ஆசையை விட்டுவிட்டாள். அப்போதுதான் அந்த ஆசைக்கு வந்து வாய்த்தாள் அவள் தங்கை.

தங்கையும் அம்மாவும் அக்கா வீட்டிலேயேதான் இருக்கிறார்கள். தங்கைக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஐந்து மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தின் லிஃப்டை மாதாமாதம் சரிபார்க்க வருகிற மெக்கானிக், கண்ணாடி போட வந்தார், பிறகு அதை இறுக்கித் தரச் சொல்லி வந்தார், பிறகு தளர்த்தித் தரச் சொல்லி வந்தார். எட்டு மாதம் இப்படிப் போனபின் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று நேராகவே கேட்டார். தங்கைக்குச் சம்மதம். அம்மாவிடம் சொன்னாள். அம்மா, "உங்கக்கா சரின்னா எனக்கும் சரி. அவதான் எந்நேரமும் படிக்கறா, அவளுக்குத் தெரியாததா?" என்றாள். ஆக, ஒரு கல்யாணம் நடப்பதும் நடக்காமல் போவதும் அத்தியாயக்காவின் கையில் வந்து நின்றது.

மெக்கானிக் அக்காவைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். நாலு மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தார், நாலு மணிக்கே வந்துவிட்டார். அதிலேயே அக்காவுக்கு மனசு சரியில்லை. உட்காருங்கள் என்ற பிறகு உட்கார்ந்தார். தலைக்கு மேலே ஃபேன் ஆடுவதைப் பார்த்து, வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டு, ஸ்டூலில் ஏறி அதன் திருகாணியை இறுக்கிவிட்டு இறங்கினார். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்றும் விசாரித்தார். இரண்டாவது நாயகனேதான் என்று அத்தியாயக்கா முடிவுகட்டினாள். கடைசியாக ஒரு நப்பாசையில் கேட்டாள்.

"நீங்களும் தங்கச்சியும் எப்பவாவது லிஃப்ட்ல மாட்டிக்கிட்டீங்களா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இல்லக்கா. இந்த வேலைக்கு வந்து எட்டு வருஷம் ஆச்சு. நான் பார்க்கற லிஃப்ட்ல இதுவரைக்கும் ஒருத்தர்கூட மாட்டினதில்ல."

அவர் அதைப் பெருமையாகச் சொன்னார். எத்தனையோ நாயகர்களும் நாயகிகளும் இருட்டில் முதன்முதலாகக் கை பற்றிக்கொள்கிற இடத்தை ஒழித்துக்கட்டுவதையே ஒருவன் தொழிலாக வைத்திருக்கிறான் என்றால் அவனை எந்த வாசகிதான் மன்னிப்பாள்?

அவர் போனதும் அக்கா தங்கையை உள்ளே கூட்டிப்போனாள். "நல்லவராத்தான் இருக்காரு. அதுதான் எனக்கு பயமா இருக்கு."

"நல்லவரா இருந்தா என்னக்கா?"

"ஆசை இருக்கறவன் இவ்ளோ பொறுமையா இருப்பானா? ஒண்ணு செய். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாரு. உண்மையா பிடிச்சிருந்தா மூணே நாள்ல வாசல்ல வந்து நிப்பாரு. வரலேன்னா அப்பவே தெரிஞ்சிடும்ல."

தங்கைக்கு அரைமனசு. ஆனால் யாருக்குத்தான் தனக்காக ஒருவர் ஓடிவருவதைப் பார்க்க ஆசை இருக்காது? போனை நீட்டினாள். அக்காவே எழுதினாள்: "இனி நாம் பேச வேண்டாம். காரணம் கேட்காதீர்கள். என்னைத் தேடி வராதீர்கள்." இது நாற்பத்திரண்டாவது அத்தியாயத்து நடை. இதைப் படித்த எந்த நாயகனும் அடுத்த பக்கத்தில் வண்டியை எடுக்காமல் இருந்ததில்லை.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "சரிங்க. நான் ஏதாவது தப்பா பேசியிருந்தா மன்னிச்சிடுங்க. இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்."

"பாரு, உள்ளுக்குள்ள உடைஞ்சிட்டாரு" என்றாள் அக்கா. "நீ மட்டும் கூப்பிட்டுடாத. கூப்பிட்டா எல்லாம் கெட்டுடும்."

மூன்று நாள் ஆனது. வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை. ஐந்தாம் நாள் அக்கா, தாடி வளர நாளாகும் என்றாள். ஏழாம் நாள், மழைக்குக் காத்திருக்கிறாரோ என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். தங்கை சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பாள், பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

பதினோராம் நாள் கட்டடத்து லிஃப்டைச் சரிபார்க்க வேறு ஒருவர் வந்தார். தங்கை விசாரித்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அவர் எங்க பில்டிங் வேண்டாம்னு கேட்டு வேற பில்டிங்குக்கு மாத்திக்கிட்டாராம். என் கண்ணுல படக் கூடாதுன்னு."

அக்கா வாயைத் திறந்தாள்.

"நீ ஒண்ணும் சொல்லாத. நான் வேண்டாம்னு நினைக்கவே இல்ல. ஒரு நாள்கூட நினைக்கல. உன் பேச்சைக் கேட்டுப் போனைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்." அதற்குமேல் பேச முடியாமல் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த வாத்தியாருக்கு அப்போதுதான் விஷயமே தெரியும். நிதானமாகக் கேட்டுவிட்டு, "வராதீங்கன்னு எழுதினதும் வரலையா? அப்ப நல்ல பையன்தான்" என்றார்.

"நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்றாள் அக்கா.

"நானும் விட்டுட்டுப் போயிருப்பேன்."

அத்தியாயக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்தப் பத்து வருஷத்தில் எத்தனை தடவை இவரைப் பார்த்து "போங்க, எங்கயாவது போங்க" என்று கத்தியிருப்போம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டாள். வகை தொகை இல்லாமல் போனது. அவர் நிஜமாகவே கிளம்பிப் போயிருந்தால்? நல்லவேளை, அந்தச் சமயங்களில் எல்லாம் மனிதர் விடைத்தாள் திருத்திக்கொண்டு காதில் வாங்காமல் இருந்திருக்கிறார்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டாள். மெக்கானிக் இப்போது எந்தக் கட்டடத்தில் இருக்கிறார் என்று அவர் கம்பெனிக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டு போனாள். போனால் லிஃப்ட் வாசலில் ஒரு பலகை: பராமரிப்பு நடக்கிறது. மெக்கானிக் மொட்டைமாடி மோட்டார் அறையில் இருக்கிறார் என்றார் காவலாளி. ஏழு மாடி. நாலாவது மாடியில் மூச்சு வாங்கி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. தலை கலைந்து, வியர்த்து விறுவிறுத்து, பதற்றத்தோடு மாடிப்படி ஏறி ஓடி மன்னிப்புக் கேட்கவேண்டியவன் நாயகன். அந்த வேலையைப் போயும் போயும் நாம் செய்துகொண்டிருக்கிறோமே?

மேலே அவர் கையெல்லாம் கிரீஸோடு நிமிர்ந்தார். அவளைப் பார்த்ததும் முதலில் தண்ணீர் பாட்டிலைத்தான் எடுத்து நீட்டினார். குடித்தாள். முந்நூறு நாவல் படித்தவளுக்கு ஒரு வசனம் வரவில்லை.

"அந்த மெசேஜை எழுதினது நான். அவ இல்ல."

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். "ஏன்க்கா?"

"நீங்க ஓடி வருவீங்கன்னு நினைச்சேன்."

"வராதீங்கன்னுதானே எழுதியிருந்தீங்க."

"ஆமா. வராதீங்கன்னு எழுதினா வருவாங்க."

"யாரு?"

இதற்கு அவளால் என்ன சொல்ல முடியும்? ஆட்களின் பெயர் நூறு சொல்லலாம். ஒருவராவது ரத்தமும் சதையுமாக இருக்க வேண்டுமே.

அவர் பழைய துணியில் கையைத் துடைத்தார். "மூடற கதவுல கையை விடாதீங்கன்னு போர்டு மாட்டறவன் நான். நானே எப்படிக்கா விடுவேன்?" பிறகு, கொஞ்சம் தணிந்த குரலில், "அவங்களுக்கு என்னைப் பிடிச்சிருந்தா அவங்களே சொல்லட்டும். அவங்க வாயால கேட்டா போதும்" என்றார்.

அன்று சாயங்காலம் தங்கை கதவைச் சாத்திக்கொண்டு போன் செய்தாள். அத்தியாயக்கா கதவுக்கு வெளியே நின்றாள். ஒட்டுக்கேட்கவில்லை, அங்கே நின்றாள், அவ்வளவுதான். உள்ளே தங்கை சொன்னது இதுதான்: "எழுதினது நான் இல்ல. ஆனா எழுத விட்டது நான்தான். தப்பு. எனக்கு உங்களைத்தான் பிடிச்சிருக்கு. வரீங்களா?" அதில் உவமை இல்லை, ஒரு பெருமூச்சுகூட இல்லை. அக்கா திருத்திக் கொடுக்கத் துடித்தாள், கையைப் பிசைந்துகொண்டு அடக்கிக்கொண்டாள். மறுமுனையில் என்ன பதில் வந்ததோ, தங்கை அழுதுகொண்டே சிரித்தாள்.

கல்யாணம் நடந்தது. பிறகொரு நாள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தபோது அத்தியாயக்காவால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் எப்படி இருந்தீர்கள் என்று மெக்கானிக்கிடம் கேட்டேவிட்டாள்.

அவர் யோசித்துச் சொன்னார்: "கஷ்டமாத்தான் இருந்துச்சு. வேலைக்குப் போனேன். வந்தேன். சாப்பிடப் பிடிக்கல, இருந்தாலும் சாப்பிட்டேன். எங்க தப்புப் பண்ணினோம்னு யோசிச்சுப் பார்த்தேன், தெரியல."

தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தியாயக்காவின் முகத்தில் மட்டும் லேசாக ஓர் ஏமாற்றம். போகட்டும், அவளை விடுங்கள். நீங்கள் சொல்லுங்கள். அவர் சொன்னதைப் படித்ததும் "இவ்வளவுதானா?" என்று உங்களுக்குள் ஏதோ சுணங்கியதா? ஒரு கண்ணாடித் தம்ளராவது உடைத்திருக்கலாம் என்று தோன்றியதா? தோன்றியிருந்தால் பாதகமில்லை, இதெல்லாம் ஊரில் இருக்கிறதுதான். உங்கள் வீட்டில் கல்யாண வயதில் யாராவது இருந்து, அவர்கள் போன் இப்போது உங்கள் கையில் இருந்தால் மட்டும், தயவுசெய்து அதை முதலில் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.