வட்டிலப்ப வழக்கின் எதிரி எழுதிக்கொள்வது

கல்முனைக்குடி,
வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

கொழும்பு புதுக்கடையில் கறுப்புக் கோட்டுப் போட்டு நியாயம் பேசும் என் தம்பி மகன், சட்டத்தரணி பஸாலுக்கு, உன் பெரியவாப்பா கச்சிமுகம்மது ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நான், உன் பெரியும்மா சல்மா உம்மா, மகள் ஸம்றா, அவளை முடித்து இருபத்திரண்டு நாளான புது மருமகன் றிம்சான், எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கும் உன் பெண்சாதியின் சுகத்துக்கும் உன் கட்சிக்காரர்கள் அனைவரும் பிணையில் வெளியே வரவும் துஆச் செய்கிறேன். சுகம் என்று முறைக்கு எழுதிவிட்டேன். உண்மையில் நான் சுகமில்லை மகன். நேற்று என்னைக் குற்றவாளியாகக் கண்டு தண்டனையும் கொடுத்தாகிவிட்டது.

கல்முனைப் பொலிசுக்கு ஓடிவிடாதே, அவர்களுக்கு இதில் சம்பந்தமில்லை. எல்லாம் நம்முடைய அடுப்படியில், குசினிக்குள்தான் நடந்தது. நான் முப்பத்தொரு வருசம் நீதிமன்றத்தில் பேர் கூப்பிட்ட ஆள் என்பது உனக்குத் தெரியும். நீதவான் தலையாட்டினால் வாசலுக்கு வந்து எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவனின், பேரை மூன்று தரம் கூப்பிடுவேன், மரத்தடியில் நிற்பவன் சாரனை இறுக்கிக்கொண்டு ஓடி வருவான். கேட்டுக் கேட்டே எனக்குச் சட்டம் காதில் ஊறிப் போயிற்று. பென்சனில் வந்த பிறகு, நீ இங்கே மறந்துவிட்டுப் போன தமிழ் அரசியலமைப்புப் புத்தகத்தையும் இரண்டு தரம் வாசித்து முடித்தேன். அப்படிப்பட்ட மனிதனுக்குத் தன் சொந்த வீட்டில் ஒரு விசாரணை கிடைத்த விதத்தைக் கேள். சொந்த வீடு என்று சொல்லவும் முடியாது, அது ஸம்றாவுக்குச் சீதனமாக எழுதியாகிவிட்டது. நானும் உன் பெரியும்மாவும் பின்னறைக்கு மாறிவிட்டோம். ஆனால் ஆட்சி மாறவில்லை.

விசயம் இதுதான். செவ்வாய்க்கிழமை பின்னேரம் மருமகனின் உம்மா றம்லா, நம்முடைய சம்மந்தி, தேத்தண்ணிக்கு வருவதாக இருந்தது. உன் பெரியும்மா காலையிலேயே பத்து முட்டை உடைத்து, கித்துள் கருப்பட்டி கரைத்து, தேங்காய் முதற்பால் விட்டு, ஏலம் தட்டிப் போட்டு ஒரு வட்டிலப்பம் அவித்து ஃப்ரிட்ஜில் தயிர்ச் சட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்தா. சம்மந்தி வந்து, சுகம் விசாரித்து, வெயிலைப் பற்றிக் கதைத்து, ஒலுவில் பக்கம் கடல் நிலத்தைத் தின்றுகொண்டு வருவதைப் பற்றியும் கதைத்து முடிய, இவ எழும்பிப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தால் வட்டிலப்பத்தில் பாதியைக் காணவில்லை. சம்மந்திக்கு பிஸ்கட்டும் வாழைப்பழமும்தான் கிடைத்தது. அவ படியிறங்கிப் போய் ஒரு நிமிசம் இருக்காது, என் அறைக்கு ஆள் வந்துவிட்டது, உன் பெரியும்மாதான்.

"இஞ்ச வாங்க. கையக் கழுவிப்போட்டு விரல நீட்டுங்க."

"என்னத்துக்கு?"

"நீட்டுங்க, மறுகா செல்றன்."

நானும் ஒன்றும் விளங்காமல் நீட்டினேன். நீ கொழும்பில் வாங்கி அனுப்பினாயே, என் இரத்தத்தில் சீனி பார்க்கிற மெஷின், அதால் ஒரு குத்து. ஸம்றா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அல்லாவே, வாப்பா! இருநூத்தி எண்பத்தாறு!" என்று கத்தினாள். அதற்குப் பிறகுதான் குற்றச்சாட்டே வாசிக்கப்பட்டது: "வட்டிலப்பத்துக்கு என்ன நடந்த?" புத்தகத்தை எடுத்துப் பார், பதின்மூன்றாம் உறுப்புரை முதலாம் பந்தி. ஆளைப் பிடிக்கும்போதே காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று போட்டிருக்கிறது. இங்கே முதலில் இரத்தத்தை எடுத்துவிட்டுத்தான் காரணம் சொல்லுகிறார்கள். அந்த மெஷினை அனுப்பினவன் நீ. ஒரு சட்டத்தரணி செய்கிற வேலையா அது?

விசாரணை நேற்றுப் பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு குசினியில். எதிரிக்கூண்டுக்குப் பதிலாக என்னைத் தேங்காய் துருவும் பலகையில் இருத்தினார்கள். முறைப்பாட்டுக்காரி சல்மா உம்மா, பொலிசும் அவதான், எனக்கு எதிராக வழக்குப் பேசியதும் அவதான், தீர்ப்புச் சொன்னதும் அவதான், இப்போது தண்டனையை நிறைவேற்றிக்கொண்டிருப்பதும் அவதான். ஸம்றா மெஷினுக்குச் சாட்சி. மருமகன் கடைக்குப் போயிருந்தார். நான் எழும்பி, "ஒவ்வோராளும் குற்றவாளி எண்டு நிரூபிக்கிற வரைக்கும் சுத்தவாளி, இது நான் செல்ற இல்ல, நாட்டுட சட்டம்" என்றேன். "சுத்தவாளிக்கு இருநூத்தி எண்பத்தாறு வருமா?" என்று ஒரே கேள்வி. நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது என்றேன். "நீங்க திங்கல்ல எண்டு நீங்க நிரூபிங்க" என்றா. சரி, எனக்காகப் பேச ஒரு ஆள் வைக்க உரிமை இருக்கிறது, பஸாலுக்கு ஒரு கோல் எடுக்க வேண்டும் என்றேன். "அவனும் உங்கட வம்சம்தானே, அவனும் இனிப்புக் கண்டா விடமாட்டான்" என்று உன்னையும் சேர்த்துத் தள்ளுபடி செய்தா. கோபிக்காதே, உள்ளதை எழுதுகிறேன்.

அதோடு விட்டாவா? "போன பெருநாளைக்குத் தொதல் தின்ட ஆரு?" என்று பழைய இனிப்புக் கோப்பைத் திறந்தா. "அது வேற வழக்கு" என்றேன். "வழக்கு வேற, ஆள் ஒண்டுதானே." முப்பத்தொரு வருசத்தில் எத்தனையோ சட்டத்தரணிகளின் வாதம் கேட்டிருக்கிறேன் பஸால், இப்படி ஒரே வரியில் வழக்கை முடித்த ஆளை நான் கண்டதில்லை.

தீர்ப்பு: நாளை வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சம்மந்தி வீட்டார் இருபது பேர் விருந்துக்கு வருகிறார்கள். பெரிய தட்டுகளாகச் சஹன் வைத்து, ஒவ்வொரு சஹனைச் சுற்றியும் ஆறு பேர் இருந்து சாப்பிடுவார்கள். அதில் எனக்கு இடமில்லை. மூலையில் கதிரை போட்டு, தனிக் கோப்பையில், சீனி வருத்தக்காரனுக்கு என்று, குரக்கன் ரொட்டியும் கீரையும் தரப்படும். யோசித்துப் பார். மகளைக் கொடுத்த வாப்பா, சம்மந்தி வீட்டாரோடு ஒரு சஹனில் கை வைக்காமல் மூலையில் இருந்தால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? இந்த மனிசனுக்கு நம்மட பொடியனைப் பிடிக்கவில்லை என்றுதானே நினைப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. நேற்று பலகையில் இருந்தபோதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. எத்தனை ஆயிரம் பேரின் பேரைக் கூப்பிட்டேன், உள்ளே வருகிறவனின் நெஞ்சு என்ன பாடு படும் என்று ஒரு நாளாவது நினைத்தேனா? சாப்பாட்டு நேரம் ஆகிறதே, இவன் சுணங்குகிறானே என்றுதான் நினைத்திருக்கிறேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

இனி இரகசியம். இந்த இடத்தைச் சத்தமாக வாசிக்காதே. நான் அந்த வட்டிலப்பத்தைத் தொடவில்லை, வல்லாஹி. தொட எனக்கு நேரமும் இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கரண்ட் பில் கட்டப் போவதாகச் சொல்லி வெளிக்கிட்டேன். பில்லைக் கட்டினேன், அது பொய்யில்லை. கட்டிப்போட்டு ஒரு ஆட்டோ பிடித்து நற்பிட்டிமுனைக்கு, நம்மட கூட்டாளி மசூர் வீட்டுக்குப் போனேன். வேளாண்மை வெட்டி முடித்து, புது அரிசியில் பாற்சோறு ஆக்கியிருந்தான். கருப்பட்டியோடு இரண்டு கோப்பை. இரண்டரை. அதற்கு மேல் கோழிக்கூடு வாழைப்பழம் மூன்று. அஸருக்குக் கொஞ்சம் முந்தித்தான் வீட்டுக்கு வந்து, "கல்முனையில கியூ, நிண்டு கால் கடுக்குது" என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். இருநூற்று எண்பத்தாறு அங்கேயிருந்து வந்தது. நான் அந்த நேரம் ஊரிலேயே இல்லை என்று மசூர் குர்ஆனைத் தொட்டுச் சாட்சி சொல்லுவான். ஆனால் இந்தக் குற்றத்திலிருந்து தப்ப அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டுமே! நற்பிட்டிமுனையில் தின்றதை விசாரிக்க இந்தக் குசினிக்கு நியாயாதிக்கம் இல்லை என்பது என் அபிப்பிராயம், ஆனால் அதை உன் பெரியும்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆகவே வாயை மூடிக்கொண்டேன். தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்படி ஒருவனை வற்புறுத்தக் கூடாது என்று நீ ஒருமுறை சொன்னாய். புத்தகத்தில் தேடினேன், எனக்கு அகப்படவில்லை. பக்கம் எழுதி அனுப்பு.

இது போதாதென்று நேற்று அந்தியில் மஃரிபு தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து திரும்பி வரும்போது மருமகன் என் பின்னாலேயே வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

"மாமா, ஒண்டு செல்லணும், கோவிச்சுக்கப்படா. அந்த வட்டிலப்பம் நான்தான் மாமா."

நான் தெருவிலேயே நின்றுவிட்டேன். கதை என்னவென்றால், இந்தப் பிள்ளை தன் வீட்டில் மூன்று கோப்பை சோறு தின்கிற ஆள். இங்கே புதுமாப்பிள்ளை. மாமி திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்க, மரியாதைக்கு ஒரு அகப்பையோடு "போதும் மாமி" என்று சொல்லிவிடுகிறார். இருபத்திரண்டு நாளாகப் பட்டினி. செவ்வாய்க்கிழமை பகல் எல்லோரும் கண்ணயர்ந்த நேரம் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்திருக்கிறார். "ஒரு கரண்டி எண்டுதான் மாமா நெனச்சன். மறுகா பாத்தா பாதியக் காணல்ல." மாமிக்குத் தெரிந்தால் இந்த வீட்டில் முகம் காட்ட முடியாது என்று கண் கலங்கினார். நான் என்ன செய்ய? "நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க மகன், இது என்னோட இருக்கட்டும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது நான் செய்யாத குற்றத்தையும் மறைத்து, செய்த குற்றத்தையும் மறைத்து, குரக்கன் ரொட்டி தின்னப் போகிறேன்.

ஆகவே உன்னிடம் கேட்பது இதுதான். நாளை ஜும்ஆவுக்கு முந்திப் பெரியும்மாவுக்கு ஒரு கோல் எடுத்து, பாற்சோற்றையும் இழுக்காமல், மருமகனையும் இழுக்காமல், தண்டனைக்கு ஒரு இடைக்காலத் தடையுத்தரவு வாங்கித் தா. அடிப்படை உரிமை வழக்கு நிர்வாகத்துக்கு எதிராகத்தான் போடலாம், பெரியும்மாவுக்கு எதிராகப் போட முடியாது என்று நீ சொல்லுவாய். இந்த வீட்டில் நிர்வாகம் யார் கையில் என்று உனக்குத் தெரியாதா? என் போனும் அவவின் பொறுப்பில் இருப்பதால் இந்தக் கடிதத்தைக் கொழும்பு பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். வாசித்ததும் கிழித்துவிடு.

உன் நாவில் அல்லாஹ் பரக்கத்தை வைப்பானாக. எந்தக் காலத்திலும் நீ குசினியில் எதிரியாக நிற்காமல் உன்னைக் காப்பானாக. உன் பெண்சாதிக்கு என் ஸலாம்.

இப்படிக்கு,
குற்றவாளியாகக் காணப்பட்ட சுத்தவாளி,
பெரியவாப்பா கச்சிமுகம்மது.

பி.கு.: சனிக்கிழமை. வியாழன் பஸ்ஸைத் தவறவிட்டேன், ஆகவே மேலே கேட்டது ஒன்றும் தேவையில்லை. நேற்று விருந்து நடந்தது. சஹன்கள் வைத்தாயிற்று, நான் மூலைக் கதிரையில் ரொட்டியோடு. சம்மந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர், "என்ன மச்சான், எங்களோட கை நனைக்க மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார். நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் மருமகன் சஹனிலிருந்து எழும்பி, இருபது பேருக்கும் கேட்க, "மாமாவில பிழையில்ல. அண்டைக்கு வட்டிலப்பம் தின்ட நான்தான்" என்றார். இந்தப் பிள்ளையின் விரலையும் நீட்டச் சொல்லப் போகிறா என்று நினைத்தேன். திரைக்குப் பின்னாலிருந்து உன் பெரியும்மாவின் குரல் வருகிறது: "அல்லாவே, புள்ள பசியில இருந்திரிக்கி! நான்தான் பாத்து வைக்கல்ல, என்ட பிழதான் மகன்." விசாரணையுமில்லை, மெஷினுமில்லை. நேற்று அவித்த முழு வட்டிலப்பமும் அவருக்கு முன்னால் வந்தது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று பன்னிரண்டாம் உறுப்புரையில் போட்டிருக்கிறதே, அதை இந்த வீட்டில் யாரும் வாசிக்கவில்லை. ஆனாலும் சொல்லுகிறேன், சந்தோசத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "நீங்களும் வந்து இரிங்க" என்று என்னையும் கூப்பிட்டா. சம்மந்தி வீட்டுப் பெரியவருக்குப் பக்கத்தில் இருந்து, பிஸ்மி சொல்லி, முதல் பிடி சோற்றை எடுத்தேன். இன்னும் வாய்க்குக் கொண்டுபோகவில்லை, திரை கொஞ்சம் விலகியது.

"அப்ப உங்களுக்கு இருநூத்தி எண்பத்தாறு எங்கால வந்த?"

நாளை ஞாயிறு ளுஹருக்குப் பிறகு விசாரணை. என் போன் அவவின் பொறுப்பில்தானே, அதில் மசூரின் கோலைக் கண்டு அவனையும் கூப்பிட்டிருக்கிறா, அவன் பொய் சொல்லத் தெரியாத மனிசன். மேலே எழுதியதெல்லாம் ஒன்றும் செய்யாதவனுக்காக எழுதியது. இந்த முறை நான் தின்றவன் மகன், இரண்டரைக் கோப்பை. தின்றவனுக்கும் அந்தப் பதின்மூன்றாம் உறுப்புரைதானே? முதல் பஸ்ஸில் வா.