பத்துக் கோடி வயசுப் பெருமாள்

ராமானுஜத்துக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஊறுகாய் ஜாடி வைக்க அலமாரியில் இடமில்லையாம். அதனால் அவருடைய கற்களை எல்லாம் கொள்ளிடத்தில் கொட்டப்போகிறாளாம், கட்டிய மனைவி கோமளவல்லி!

வெறும் கல்லா அவை? ஞாயிறு தவறாமல், பொன்மலை ஒர்க்‌ஷாப் அருள்ராஜின் பைக்கில் தொற்றிக்கொண்டு போய், பெரம்பலூர்ப் பக்கத்துக் காரை கிராமத்துப் பொட்டலில் முதுகு வெந்து பொறுக்கியவை. பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் அங்கே கடல். அதில் சுருண்ட ஓட்டுக்குள் கணவாய்மீனின் பங்காளி ஒன்று நீந்திக்கொண்டிருந்தது. டைனோசாரோடு அதுவும் பூண்டற்றுப் போய், கல்லாகி, கடைசியில் ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் கோமளவல்லியிடம் மாட்டிக்கொண்டது.

அப்போதுதான் ராமானுஜத்துக்கு அந்தப் புத்தி வந்தது.

"அபசாரம்டி! இது சாளக்கிராமம். கண்டகி நதியில கிடைக்கறதும் இதே பிராணியோட அச்சுதான்!"

"அப்படியான்னா?"

"பின்னே? இனிமே பொம்மனாட்டி கை இதுமேல படப்படாது!"

அவள் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை கோடிக்கணக்கான வருஷமாக இருக்கிற பிராணி, அதுவே இன்னும் திருந்தவில்லை. ராமானுஜம் எங்கே திருந்தப்போகிறார்!

ஞாயிறு காலை. வாசலில் அருள்ராஜின் ஹாரன். தொப்பியோடு கிளம்பியவரைக் கோமளவல்லி மறித்தாள்.

"திருமஞ்சனம் பண்ணாம எங்கே கிளம்பிட்டேள்?"

பூஜை அறையில் அத்தனை கல்லும் பட்டுத்துணியில் வரிசையாக வீற்றிருந்தன.

"தொட்டியா?"

"சிவசிவா... இல்லை, ராமராமா! இடுக்கியாலதான் எடுத்து வெச்சேன்."

"நீயே தண்ணியை ஊத்திடேன்!"

"நான் தொடப்படாதுன்னு உத்தரவாச்சே. ஒண்ணொண்ணா நீராட்டி, சந்தனம் சாத்தி, துளசி சேர்த்து, அமுது செய்யப் பண்ணுங்கோ. அப்புறம்தான் இந்த ஆத்துல காபியே. மாடியாத்து மாமி தீர்த்தத்துக்கு வந்து உக்காந்திருக்கா."

"சார், வெயில் ஏறுதுங்க! வரீங்களா, இல்லையா?" என்று வாசலிலிருந்து அருள்ராஜ் கத்தினான்.

அந்த ஞாயிறு போச்சு. அடுத்த ஞாயிறும் போச்சு. வாரநாளில் ஆபீசுக்குத் தினமும் லேட். மேனேஜரிடம் தினமும் அர்ச்சனை. தான் சொன்ன பொய்க்குத் தானே மணியாட்டுகிற எரிச்சலில் ராமானுஜத்துக்கு ரத்தம் கொதித்தது.

மூன்றாம் ஞாயிறு அருள்ராஜ் பொட்டலிலிருந்தே போன் பண்ணினான். "சார், எலும்பு மாதிரி ஒண்ணு தெரியுதுங்க, என் கை நீளத்துக்கு! மழை வந்தா கரைஞ்சு போயிரும். உடனே வாங்க!"

ராமானுஜம் வெடித்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு, பூஜை மணியை வீசி எறிந்தார்.

"பெருமாளாவது, மண்ணாங்கட்டியாவது! பொய்டி! அத்தனையும் பொய்! செத்துப்போன கடல் பிராணி! வெறும் கல்லு! யார் வேணா தொடலாம்!"

கோமளவல்லி துளிகூடப் பதறவில்லை. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நிச்சயமா கல்லுதானே?"

"சத்தியமா!"

அவ்வளவுதான். முந்தானையை விரித்து, கற்களை இரண்டு கையாலும் வாரிப் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"ஏய்! எங்கேடி போறே?"

"குப்பை வண்டி வந்திருக்கு. அவா கிளம்பறதுக்குள்ள கடைசியா ஒரு தடவை சொல்லிடுங்கோ. கல்லா, பெருமாளா?"

ராமானுஜம் தொப்பியைக் கழற்றினார்.

"மடி வேஷ்டி எங்கே காயறது?" என்றார்.