கொய்யாக்கட்டை வதைப் படலம்

“மாமா, அடியோட அறுக்காதீங்க. இடுப்பளவு விட்டு அறுத்தா, அப்புறம் ஆட்டிப் புடுங்க ஒரு பிடி இருக்கும்.”

“எது எவ்வளவு உயரம் இருக்கணும்னு எனக்குத் தெரியும் மாப்ள. கட்டையையும் நானே எடுப்பேன். ஒருத்தர் உதவியும் வேண்டாம்.”

மைத்துனன் மொழிந்ததும் மாமன் முழங்கியதுமான இவ்வுரையைக் கேட்டுக் கத்தரிச்செடிகள் நடுங்கின. காய்ப்பதை மறந்து நிழலை மட்டுமே காய்த்துவந்த கொய்யா மரமொன்று, தோட்டத்தில் முழு வெயில் விழும் ஒரே இடத்தைக் கவர்ந்து நின்றது. அவ்விடத்தில் தக்காளி நட வேண்டுமென்பது இல்லத்தரசியின் ஆசை. நாற்றுகளையும் அவள் காகிதக் குவளைகளில் வளர்த்து வைத்திருந்தாள்.

வாழ்க, கணக்காய்வுத் திலகமே! பிறர் கூட்டலில் பிழை காணக் கழுகுக்கண் பெற்றவரே, தம் சொல்லை ஒருமுறையும் கூட்டிப் பாராத தறுகண் மறவரே, பேனாவினும் கனத்த படைக்கலம் ஏந்தியறியாத பூங்கரத்துக் கொற்றவரே, உம் புகழ் பாடப் புகுந்தோம். சிரிப்பை அடக்கும் வலிமையை எமக்கு அருள்வீராக!

இரம்பம் ஏந்திய அவ்வேந்தர், மரத்தைத் தரையோடு தரையாய், மேலே தண்ணீர்க் குவளை வைத்தாலும் தளும்பாத சமநிலையில் அறுத்து வீழ்த்தி, பகைவன் தலையைக் கொய்தேன் என்று இல்லாத மீசையை முறுக்கினார். தலையோடு குடுமியையும் கொய்துவிட்டதால் இனிப் பற்றியிழுக்க ஏதுமில்லை என்பதை மறுநாளே அறிந்தார். கயிற்றின் ஒரு முனையை மண்ணுக்கு மேல் புடைத்திருந்த கட்டையின் வேரொன்றில் சுற்றி, மறுமுனையை ஸ்கூட்டரில் பிணைத்து, போர்யானை பிளிறுவதுபோல் அதை உறுமவிட்டபோது, கட்டை அசையவில்லை. ஸ்கூட்டரின் பின்கம்பி மட்டும் வீரமரணம் எய்தியது.

பின்னர் சூழ்ச்சியில் இறங்கினார். யூரியா இட்டால் கட்டை மக்கிப்போகும் என அலுவலக நண்பர் ஒருவர் ஓதியிருந்தார். செத்த கட்டைக்குத்தான் அது பொருந்தும் என்பதை அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. ஆகவே கட்டையில் துளைகள் இட்டு, யூரியா நிரப்பி, காலையும் மாலையும் நீர் வார்த்து, நஞ்சூட்டுவதாக எண்ணி அந்த வள்ளல் பகைவனுக்கு விருந்தூட்ட, உண்டு கொழுத்த கொய்யா நாற்புறமும் தளிர்த்துச் சிரித்தது.

“நல்லா கவனிச்சுக்கிறீங்க,” என்றாள் மனைவி. “எனக்குக் காய்ச்சல் வந்தப்போகூட இப்படி வேளாவேளைக்குத் தண்ணி குடுத்ததில்ல.”

அவளுக்கோ கவலை வேறு. குவளைகளுக்குள் வேர்கள் சுற்றிச் சுற்றி முடிச்சாகிவிட்டன. இலைகள் மஞ்சள் பூத்தன. இந்த ஞாயிற்றுக்கிழமை மண்ணில் இறங்காவிட்டால் குப்பைக்குத்தான் போகும் என்று அறிவித்துவிட்டாள்.

ஆதலின் ஞாயிறு புலர்ந்ததும் கடப்பாரையும் மண்வெட்டியும் ஏந்திய கணக்காய்வுச் சிங்கம், கோட்டையைச் சுற்றி அகழி தோண்டுவார்போல் கட்டையைச் சுற்றிப் பள்ளம் பறித்து, வேரொன்றின் மேல் கடப்பாரையை ஓங்கி இறக்கிய கணத்தில், இடுப்பினுள் ஏதோ ஒன்று வில்நாண்போல் தெறித்தது. தொப்பென்று அமர்ந்தார். அமர்ந்த இடம் கட்டை.

சாப்பிட வரச்சொல்லி மனைவி அழைத்தாள். வேர்கள் ஓடும் திசையை ஆராய்வதாகப் பிரகடனம் வந்தது. மீண்டும் அழைத்தாள், வேலையைப் பாதியில் விட்டுவிட்டு உண்ணும் வழக்கம் தமக்கில்லை என்று அடுத்த பிரகடனம். மூன்றாம் முறை அவள் அழைக்கவில்லை. தட்டு நிறைய நாற்றுக் குவளைகளோடு வந்து நின்று பள்ளத்தைப் பார்த்தாள். பொலபொலவென்று கிளறிய மண். மேலே முழு வெயில். கொய்யாத் தளிர்களை விரலால் கிள்ளி எறிந்துவிட்டு, கட்டையைச் சுற்றி வட்டமாக நாற்றுகளை நடத் தொடங்கினாள்.

“காலத் தூக்குங்க,” என்றாள் ஓரிடத்தில். மாமன்னர் முகம் கோணாமல் தூக்க முயன்றார், முகம் கோணியது.

நட்டு முடித்து, பூவாளியால் நீர் தெளித்து, வெற்றி கொண்ட மண்ணைக் கையிலிருந்து தட்டிவிட்டு அவள் சமையலறை நோக்கித் திரும்பினாள். பச்சை வேலிக்குள் சிறைப்பட்ட அந்த அரியணையில், வெயில் சாய்ந்து, கொசுப்படை முரசறைந்து வந்து சூழ, நண்பகல் முதல் நாவின் நுனியில் நின்று நின்று திரும்பிய சொற்களை, எந்தக் கட்டியக்காரனும் ஏந்தாத மெல்லிய குரலில், மாவீரர் கடைசியில் சமையலறைச் சன்னலை நோக்கி உதிர்த்தார்:

“கொஞ்சம் கையக் குடேன், எழுந்திரிக்க முடியல.”