இடது பக்கத்துப் படம்

இனிமேல் யாரிடமும் கைகட்டி நிற்பதில்லை என்று படக்காரர் முடிவெடுத்தபோது, கைகட்டி நிற்க அவருக்கு இடமே இருக்கவில்லை. வேலை பார்த்த ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள். பருவை மறைப்பது, கல்யாண குரூப் போட்டோவில் வராத சித்தப்பாவைக் கொண்டுவந்து நிறுத்துவது என்று கம்ப்யூட்டரில் படத்தைச் சீர்செய்வதில் மனிதர் புலி. அதையே வீட்டிலிருந்து செய்துதருவதாக இணையத்தில் விளம்பரம் போட்டார். மாதக் கடைசிக்குள் ஒரு ஆர்டராவது வர வேண்டும். இல்லாவிட்டால் மச்சானின் பெயின்ட் கடையில் போய் உட்காருவதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கம் கம்ப்யூட்டர். மறுபக்கம் மனைவி பீன்ஸ் நறுக்குவாள். வாயை மூடிக்கொண்டு வேலை செய்ய அவருக்கு வராது. பழகுவதற்காக எதையாவது திருத்திக்கொண்டே அவளுக்குப் பாடம் நடத்துவார்.

"நெத்திச் சுருக்கத்தை முழுசா எடுத்தா பொம்மை மாதிரி ஆயிடும். பாதி விடணும். அதுதான் கைவேலை!"

"அது சரி. விளம்பரத்துல கோட்டுப் போட்டுக்கிட்டுக் கை குலுக்கறாங்களே, அவங்க யாருங்க?"

"யாருக்குத் தெரியும்? இன்டர்நெட்ல கிடைச்சாங்க."

"உங்களுக்கே தெரியாதவங்களைப் பார்த்து யாரு வேலை குடுப்பாங்க? நீங்க செஞ்சதைக் காட்டுங்க. இடது பக்கம் பழைய படம், வலது பக்கம் சரிபண்ணினது."

"அதையேதான் நானும் நினைச்சேன்" என்றார். நினைத்திருக்கவில்லை.

யார் முகத்தைப் போடுவது? தன் முகத்தைப் போடலாம். ஆனால் முதலாளியின் முகத்தில் குறை இருப்பதாக ஊருக்குக் காட்டினால் தொழில் என்ன ஆவது? மறுநாள் காலை சமையலறைக் கதவுக்குப் பின்னால் பதுங்கி நின்றார். மனைவி தலைமுடி பறக்க, குகைபோல வாயைத் திறந்து கொட்டாவி விட்டாள். க்ளிக். அவள் குளிக்கப் போன நேரத்தில் வாயை மூடினார், முடியை வாரினார், கன்னத்துக்கு மெருகேற்றினார். விளம்பரத்தில் ஏற்றப் போனால் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. வீட்டில் எல்லா பாஸ்வேர்டும் அவள் வைத்ததுதான். குளியலறைக் கதவைத் தட்டினார்.

"இந்தாம்மா, விளம்பரத்துக்குப் பாஸ்வேர்டு என்ன?"

"இப்ப எதுக்கு?"

"சும்மாதான்."

சொன்னாள். படத்தை ஏற்றினார். இரண்டு நாள் கழித்து ஒரே காலையில் மூன்று ஆர்டர்! படக்காரர் நாற்காலியோடு எகிறிக் குதித்தார். பெயின்ட் கடை ஒழிந்தது. சந்தோஷத்தில் முதல் செய்தியை மனைவிக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தார்.

"இடது பக்கத்துல இருக்கறவரு அப்படியே எங்க வீட்டுக்காரர். அவரையும் வலது பக்கம் மாதிரி ஆக்க முடியுமா?... வீட்டுக்காரரா?"

விளம்பரத்தைத் திறந்தார். மனைவியின் கொட்டாவியைக் காணோம். இடது பக்கம், சாய்வு நாற்காலியில் அவரே தூங்கிக்கொண்டிருந்தார். திறந்த வாய். பளபளக்கும் வழுக்கை. தொப்பையில் உயிருக்குப் போராடும் சட்டைப் பொத்தான். வலது பக்கம் அதே நாற்காலி, அதே மனிதர். தலைநிறைய முடி, ஒட்டிய வயிறு. கண்ணை இடுக்கிப் பார்த்தும் ஒட்டுப்போட்ட இடம் தெரியவில்லை. கோபமும் வந்தது, கூடவே பெருமையும் வந்து தொலைத்தது.

"யாரு பண்ணினது இது?"

"நெத்தியைப் பாருங்க. சுருக்கத்தைப் பாதி விட்டிருக்கு. அதுதான் கைவேலை."

"என்னைக் கேக்காம என் படத்தை எடுத்திருக்கே!"

"என்னைக் கேட்டுட்டா கதவுக்குப் பின்னால நின்னீங்க?"

படக்காரர் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துக்கொண்டார். "போகட்டும். ஆர்டரை நான் முடிச்சிடறேன்."

"மூணு பேரும் இந்தப் படத்தைப் பண்ணின ஆளே பண்ணணும்னு எழுதியிருக்காங்க. கீழே படிங்க."

படித்தார். அப்படித்தான் எழுதியிருந்தது. மெல்ல எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தார்.

"அப்ப இந்தக் கம்பெனியில எனக்கு என்னதான் வேலை?"

"போய்த் தூங்குங்க" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வாயை மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிசாத் திறங்க. அடுத்த விளம்பரத்துக்கு இடது பக்கம் காலியா இருக்கு."