பணம் போகலை, அப்போ பாஸ்!

காத்திருப்பவர்களில் எத்தனையோ இனம் உண்டு. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர், பல் டாக்டரின் கதவு திறக்கக் காத்திருப்பவர், இரவல் கொடுத்த குடை திரும்பி வருமென்று காத்திருப்பவர் என்று பலரையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவர்களெல்லாம் கற்றுக்குட்டிகள். காத்திருப்பதையே முழுநேர உத்தியோகமாக, நைட் டியூட்டியும் சேர்த்துப் பார்க்கிற இனம் ஒன்று இருக்கிறது. நர்ஸ் உரிமத் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற இனம். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு கையில் போன் இருக்கும். இன்னொரு கை யாருடைய மணிக்கட்டையாவது பிடித்திருக்கும்.

இந்த இனத்தைச் சேர்ந்த ஒருத்தியைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். வீட்டில் எல்லோரும் அவளை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், பெற்ற அப்பா உட்பட. முறை குழம்பினால் குழம்பட்டும், வாய்க்குப் பழக வேண்டாமா? அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். வேலையிலிருந்து வந்ததும் கிரீஸ் கையை நீட்டி, "சிஸ்டர், அந்தத் துண்ட எடும்மா" என்பார். துண்டு வேண்டியதில்லை, கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

சிஸ்டர் இன்னும் சிஸ்டர் ஆகவில்லை. டயாலிசிஸ் வார்டில் உதவியாளாக இருக்கிறாள். அங்கே ஒரு நர்ஸ் இடம் காலியாயிற்று. சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்பதுபோல முகத்தை வைத்திருக்கும் தலைமை நர்ஸ் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சனிக்கிழமை காலையில பாஸானேன்னு வந்தா இந்த இடம் உனக்கு. இல்லாட்டி இன்னொரு பொண்ணு ரெடியா இருக்கா. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்." தலைமை நர்ஸுக்கு ஒன்றுதான். சிஸ்டருக்கு அந்த இடம்தான் உலகம்.

தேர்வோ கம்ப்யூட்டரில். அது எல்லோரிடமும் ஒரே அளவு கேள்வி கேட்காது. நாம் சொல்கிற பதிலைப் பார்த்துப் பார்த்து அடுத்ததைக் கேட்கும். இவள் தேறுவாள், அல்லது தேறமாட்டாள் என்று அதற்கு நிச்சயமானதும் பொட்டென்று நின்றுவிடும். இவளுக்கும் அப்படித்தான் நின்றது. கவனியுங்கள், நின்ற அந்தக் கணத்திலேயே அதற்கு எல்லாம் தெரியும். சொல்லாது. ஸ்கேனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கூட யாராச்சும் வந்திருக்காங்களா?" என்று கேட்கிற டாக்டர்கூடப் பரவாயில்லை, அவராவது வாயைத் திறக்கிறார்.

இந்த இனத்தின் முதல் லட்சணம், யாரும் கேட்காமலே பதில் சொல்வது. "நான் அதப் பத்தி நினைக்கவே இல்ல." பல் தேய்க்கும்போது நுரையோடு சொன்னாள். சாப்பிடும்போது சொன்னாள். வாசலுக்குப் பார்சல் கொண்டுவந்தவரிடமும் சொன்னாள். அவர், "கையெழுத்து மட்டும் போதும் மேடம்" என்றார்.

நினைக்காத நேரங்களில் என்ன செய்தாள்? கூடப் படித்த தோழிகளுக்குப் போன் போட்டாள். "ஏய், நாலு நோயாளி. ஒருத்தருக்கு நெஞ்சு வலி, ஒருத்தருக்கு மூச்சு இரைக்குது, ஒருத்தருக்குப் பொட்டாசியம் ஏறிக் கிடக்கு, ஒருத்தர் கட்டிலை விட்டு இறங்கி எங்கேயோ நடந்து போறாரு. முதல்ல யாரப் பாப்ப?" நான்கு தோழிகள், நான்கு பதில்கள். நான்கும் புத்தகத்தில் பக்கம் காட்டி நிரூபிக்கப்பட்டன. விவாதம் முடிவதற்குள் அந்த நோயாளிகளில் ஒருவரும் பிழைத்திருக்க மாட்டார்கள், நடந்து போனவரைத் தவிர.

பிறகு நோய் முற்றியது. வாழ்க்கையே தேர்வாகிவிட்டது. ஒருநாள் வாசலில் மணி, அடுப்பில் பால், மேஜையில் போன், நாற்காலியில் அப்பாவின் இருமல், நான்கும் ஒரே சமயத்தில் அவளைக் கூப்பிட்டன. உங்களையும் என்னையும் போன்றவர்கள் என்ன செய்வோம்? பாலை இறக்குவோம். சிஸ்டர் சமையலறை நடுவில் கண்ணை மூடி நின்றாள்.

"அடியே, பால் பொங்குதுடி!" தையல் மெஷினை மிதித்தபடி அம்மா கத்தினாள். அம்மா ஊராருக்கெல்லாம் ரவிக்கை தைப்பவள். குரலிலும் கத்தரிக்கோல் உண்டு.

"இரும்மா. மூச்சுதான் முதல்ல."

"என்னடி உளறுற?"

"மூச்சு, அப்புறம்தான் ரத்த ஓட்டம், அப்புறம்தான் பாலு. அப்பாவத்தான் முதல்ல பாக்கணும்."

"எனக்கு ஒண்ணுமில்லம்மா, பிஸ்கட் தூள்..." என்று அப்பா வாக்கியத்தை முடிப்பதற்குள் முதுகில் பளார் பளாரென்று விழுந்தது. பால் அடுப்பெல்லாம் ஓடியது. மணியடித்தவர் போய்விட்டார். போன் அடங்கிவிட்டது. அப்பா பிழைத்தார்.

"சரியான விடை" என்றாள் சிஸ்டர்.

"அடுப்ப யாரு துடைக்கணும்னும் அந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கா?" என்றாள் அம்மா.

வீட்டில் ரத்த அழுத்தக் கருவி கைக்குக் கை மாறியது. அம்மாவுக்கு ஏறியிருந்தது. "நீ அந்தப் பட்டைய எடுத்துக்கிட்டு வர்றத பாத்ததும்தான்டி ஏறுது" என்றாள் அவள். தேர்வில் தோற்றால் சொல்கிற அந்த ஒரு வார்த்தைக்கும் வீட்டில் தடை வந்தது. டிப்போவிலிருந்து வந்த போனில் அப்பா, "ஏழாம் நம்பர் வண்டியில பிரேக் பெ..." என்று ஆரம்பித்தார். தையல் மெஷின் நின்றது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அப்பா எச்சிலை விழுங்கிக்கொண்டு, "பிரேக்குக்கு உடம்பு சரியில்ல" என்றார்.

வியாழக்கிழமை போனில் ஞானம் வந்தது, போன வருஷம் தேறிய தோழி ரூபத்தில். "இதுக்கு ஒரு வழி இருக்குடி. அதே தேர்வுக்கு மறுபடியும் பணம் கட்டிப் பாரு. நீ தேறியிருந்தா அந்த வெப்சைட் பணத்த வாங்காது, தள்ளிவிட்டுடும். தேறலைன்னா லபக்குன்னு முழுங்கிடும்."

கேட்கிறேன், தன் பணத்தை வாங்க மறுத்தால் துள்ளிக் குதிக்கிற இனம் இந்த உலகத்தில் வேறு உண்டா?

சிஸ்டரின் கார்டில் குதிக்கும் அளவுக்குப் பணம் இல்லை. அப்பாவின் கார்டைக் கேட்டாள். அப்பா துண்டில் கையைத் துடைத்தபடி நெடுநேரம் யோசித்தார்.

"பணம் போகலைன்னா நீ பாஸு. அப்படித்தானே?"

"ஆமாப்பா."

"நிச்சயமா?"

"நிச்சயமா!"

"அப்ப நாளைக்குக் கட்டலாம்" என்றார். ஓடுகிற எஞ்சினில் காதை வைத்துக் கேட்டு, எந்த இடத்தில் ஸ்பானர் போட வேண்டுமென்று பிடிபட்டுவிட்ட மனிதரின் முகம் அது. அன்றைக்கு அதை யாரும் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சிஸ்டர் நம்பரை அடித்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு சிவப்பு எழுத்தில் செய்தி: பணம் ஏற்கப்படவில்லை.

அவள் போட்ட சத்தத்தில் அம்மா, கழுத்தில் டேப்பும் கையில் பாதி ரவிக்கையுமாக ஓடி வந்தாள். இருவரும் கட்டிக்கொண்டு சுற்றினார்கள். நாற்காலி விழுந்தது. எடுத்து நிறுத்திவிட்டு மறுபடியும் சுற்றினார்கள். சுற்றிய மயக்கத்திலேயே சிஸ்டர் தலைமை நர்ஸுக்குப் போன் போட்டாள்.

"மேடம், பாஸ் மேடம்!"

"முடிவு வந்துடுச்சா?"

"பணம் போகலை மேடம்!"

வேறு யாராக இருந்தாலும் போனை வைத்திருப்பார்கள். ஆனால் தலைமை நர்ஸும் ஒரு காலத்தில் இந்த இனம்தானே? "சரி, காலையில வந்துடு. அந்த இன்னொரு பொண்ணுகிட்ட வேணாம்னு சொல்லிடறேன்" என்றார். சிரித்த மாதிரிகூட இருந்தது.

அப்பா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கேக் வாங்கப் பேக்கரிக்கு அப்பாவும் மகளும் போனார்கள். பேக்கரிக்காரர் கிரீம் பையைப் பிழிந்து 'வாழ்த்துகள் சி' வரைக்கும் எழுதிவிட்டு, பணத்தை முடித்துவிடலாமென்று, சிஸ்டர் நீட்டிய அப்பாவின் கார்டை வாங்கி மெஷினில் செருகினார். மெஷின் கீ என்றது. இன்னொரு தடவை செருகினார். இன்னொரு கீ.

"சார், கார்டு வாங்க மாட்டேங்குதே."

சிஸ்டருக்குச் சிரிப்பு பீறிட்டது. "பாத்தீங்களாப்பா, பேக்கரியிலயும் நான் பாஸ்!"

அந்தச் சிரிப்பு பாதி வழியில் நின்றது. கம்ப்யூட்டர் நின்ற மாதிரியே, பொட்டென்று.

"அப்பா."

"ம்."

"கார்டுக்கு என்ன ஆச்சு?"

அப்பா கேக்கைப் பார்த்தார். "நேத்தே பேங்க்குக்குப் போன் பண்ணி நிறுத்தி வெச்சுட்டேன்."

"ஏன்?"

"பணம் போகலைன்னா பாஸுன்னு நீதானேம்மா சொன்னே? அதான், போகாம பாத்துக்கிட்டேன்."

இதில் தப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவ்வளவு கச்சிதம். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் வண்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இவர் பல்பைக் கழற்றிவிட்டார். காலமெல்லாம் பஸ்களைப் பிரித்துப் பூட்டிய மெக்கானிக்!

"டிப்போவுல இப்படிப் பண்ணுவீங்களாப்பா?"

"அங்க பஸ்ஸும்மா. இங்க நீ."

சொல்லும்போதே அவருடைய நெற்றி வேர்த்தது. கவுன்டரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். "சிஸ்டர்... கோபமா?" என்றார், குரல் இறங்கி.

"எழுதினத அழிக்கவா, மிச்சத்த எழுதவா?" பேக்கரிக்காரர் கிரீம் பையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். எங்கேயோ ஒரு பெண்ணுக்கு வேலை இல்லையென்று தலைமை நர்ஸ் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதே நேரம் பார்த்துக் கைப்பைக்குள் போன் டிங் என்றது. ஆக, நான்கு. முதலில் யாரைப் பார்ப்பீர்கள்?

சிஸ்டர் இந்த முறை கண்ணை மூடி நிற்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அப்பாவை உட்கார வைத்தாள். சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினாள். "நெஞ்சு வலிக்குதா? கை மரத்துப் போகுதா? சாப்பிட்டீங்களா?"

"வலியெல்லாம் இல்லம்மா. நேத்து ராத்திரியிலேர்ந்து சாப்பாடு இறங்கல. பயமா இருந்துச்சு."

"அண்ணே, தண்ணியும் ஒரு பன்னும் குடுங்க" என்று பேக்கரிக்காரரிடம் சொல்லிவிட்டு, அப்பாவின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

போன் மறுபடியும் டிங் என்றது.

"சிஸ்டர், உங்க போனு" என்றார் பேக்கரிக்காரர்.

"பாரும்மா, முடிவா இருக்கும்" என்றார் அப்பா.

"பேசாதீங்கப்பா. எண்ணிக்கிட்டிருக்கேன்."

ஒரு முழு நிமிஷம் அவள் போனைப் பார்க்கவில்லை. அந்த ஒரு நிமிஷம் அவள் அந்த இனத்திலேயே இல்லை. வெறும் நர்ஸாக இருந்தாள். உரிமம் கொடுக்கிறவர்கள் யாராவது பன் வாங்க வந்திருந்தால் அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார்கள்.

"நாடி நல்லா இருக்கு. பசிதான். மெதுவா கடிச்சு சாப்பிடுங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் கைப்பையைத் திறந்தாள்.

ஐயா, அம்மா, உங்களிடம் ஒரு கேள்வி. அவள் எண்ணிக்கொண்டிருந்த அந்த நிமிஷத்தில் உங்கள் கண் எங்கே இருந்தது? பாவம், அந்த மனிதரின் மணிக்கட்டிலா? கைப்பையிலா? எனக்குத் தேர்வே இல்லையே, நான் எந்த முடிவுக்குக் காத்திருக்கிறேன் என்றெல்லாம் சொல்லித் தப்பிக்க வேண்டாம்.

பாஸ்தான். கேக்கில் 'ஸ்டர்' எழுதி முடித்தாகிவிட்டது. கடன்தான், நாளைக்குக் கொடுத்தால் போதுமாம். ஆனால் இதைத் தெரிந்துகொள்ள, கதை பாதியில் இருக்கும்போதே இந்தக் கடைசிப் பத்திக்கு நீங்கள் ஒரு நடை வந்துவிட்டுத் திரும்பிப் போனதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தீர்களா?

கையை நீட்டுங்கள். நாடி பார்க்கலாம்.